மன்னார்க் கரையில் ஒரு பழைய றிவோல்வரைத் தேடி



இலண்டனில் குடியிருக்கும் என் பழைய நண்பர் ஒருவர் எனக்கு ஒரு விசித்திரமான வேலை வைத்தார். மன்னார்த் தீவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். ஊரை விட்டுப் போய் 40 வருடமாகியும் தொலைபேசியில் "மச்சான்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு ஒரு பொழுதுபோக்குப் பற்றிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டுத் துவக்குகளைச் சேகரிப்பது. அதிலும் றிவோல்வர் என்று நாம் சொல்லும் சுழல் துப்பாக்கிகளில்தான் அவருக்குப் பிரியம்.

"மச்சான், என்னட்டை ஒரு அடம்ஸ் றிவோல்வர் இருக்கு. மேற்பட்டையில மதராஸ் கடை ஒண்டின்ர பேர் வெட்டியிருக்கு. மதராசுக்கு வந்தது மன்னாருக்கு வராமலா இருந்திருக்கும்? முத்துக்குளிப்புக் காலத்தில எத்தனை வெள்ளைக்காரன் வந்து போயிருப்பான்! ஆரின்ர வீட்டிலயாவது ஒண்டு கிடக்கும். வாங்க வேண்டாம், தொடவும் வேண்டாம். இருக்கோ எண்டு மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் எவரும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும் அழகுப்பொருளை நினைப்பதில்லை. வேறு எதையோ நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். ஆனாலும் நான் தேடிப் போனேன். அந்தத் தேட்டத்தில் கண்டதையும் காணாததையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் இந்தச் சுழல் துப்பாக்கியின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். அதற்கும் நமது கடலுக்கும் ஓர் உறவு உண்டு. 1830ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் துறையிலிருந்து 'கோர்வோ' என்ற பாய்க்கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. மாலுமித் தொழில் பழகுவதற்காக 16 வயதுப் பையன் ஒருவன் அதில் ஏறினான். அவன் பெயர் சாமுவேல் கொல்ட். கப்பலின் சுக்கான் சக்கரம் சுழன்று, வேண்டிய இடத்தில் பிடிபட்டு அசையாமல் நிற்பதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தானாம். ஒரு துவக்கின் குண்டு அறைகளையும் இப்படிச் சுழலவைத்து, ஒவ்வொன்றாகக் குழாய்க்கு நேரே நிறுத்தினால் என்ன என்று தோன்றியதாம். கப்பலிலேயே மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கினான். அந்த மரத்துண்டுகள் இன்றும் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கொலியர் என்பவர் 1818இல் இங்கிலாந்தில் உரிமம் பெற்ற சுழல் துவக்குகள் சில இந்தியாவுக்கு வந்திருந்தன என்றும், பையன் அவற்றைக் கல்கத்தாவில் கண்டுதான் யோசனை பெற்றான் என்றும் வாதிடுவோர் உண்டு. எது உண்மையாயினும், கல்கத்தா போகும் கப்பல் நமது தீவைச் சுற்றித்தான் போயிருக்க வேண்டும். மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டிகள் பெருங்கப்பலுக்கு வழிவிடுவதில்லை.

கொல்ட் 1836இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றார். 1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் தமது கைத்துவக்குகளை அடுக்கிவைத்தார். அதே ஆண்டில் ரொபர்ட் அடம்ஸ் என்ற ஆங்கிலேயர் போட்டிக்கு ஒரு றிவோல்வரைக் கொண்டுவந்தார். கொல்ட் துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் சுத்தியலை இழுத்துவிட வேண்டும். அடம்ஸ் துவக்கில் விசையை இழுத்தாலே போதும். சுத்தியல் தானே எழும்பித் தானே விழும். ஆனால் இரண்டையும் நிரப்புவது ஒரே பாடுதான். ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக்குண்டை இறுக்கி, பின்புறக் காம்பில் ஒரு சிறிய செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். இதற்கென்றே மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, தொப்பி வைக்கும் தகரம் எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் பொருத்தமான தட்டுகளில் அடுக்கி விற்கப்பட்டன. இந்த மரப்பெட்டியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதனிடம் திரும்பி வருவேன்.

அக்காலத்து ஆங்கிலேய இராணுவ அதிகாரி தன் றிவோல்வரைத் தன் சொந்தப் பணத்தில்தான் வாங்கினார். 1857இல் இந்தியப் பெருங்கிளர்ச்சி வந்தபோது அதன் மதிப்பு ஏறியது. காரணம் வெளிப்படையானது. பல்லாயிரம் பேருக்கு நடுவே ஒருவர் இருவராக ஆட்சி நடத்தியவர்களுக்கு, மீண்டும் நிரப்பாமல் 5 முறை, 6 முறை சுடக்கூடிய கருவி கைக்கு அடக்கமாகக் கிடைத்தது. 1878இல் இந்தியாவில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. ஒரு கருவியின் வரலாறு அதைச் செய்தவரோடு முடிவதில்லை. யாருடைய இடுப்பில் அது தொங்கலாம், யாருடைய இடுப்பில் தொங்கக்கூடாது என்பதும் அந்த வரலாற்றில் சேரும்.

இனி மன்னாருக்கு வருவோம். எங்கள் கரைக்குச் சுடுகருவி வந்த கதையை நாம் பேசும் சொற்களே வைத்திருக்கின்றன. துப்பாக்கி, துவக்கு இரண்டும் துருக்கியச் சொல்லான 'துஃபெக்'கின் வழிவந்தவை. பீரங்கி என்ற சொல்லும் பறங்கி என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. மேற்கு ஐரோப்பியரை அரபு மக்களும் பாரசீக மக்களும் 'பிராங்கர்' என்பதைத் திரித்து அழைத்தார்கள். அந்தப் பெயரே இங்கே ஆளுக்கும் ஆயிற்று, அவன் கொண்டுவந்த குழலுக்கும் ஆயிற்று. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியவர்களை வெட்டுவித்தபோது வேலை செய்தது வாள். 1560இல் போர்த்துக்கேயர் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டியபோது கதை மாறியது. 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். அந்தக் கோட்டையின் நாற்புறக் கொத்தளங்களில் ஏறி நின்றால், கடலையும் கரையையும் ஒருங்கே குழல்முனையில் வைத்திருக்க எண்ணியவர்களின் கணக்கு விளங்கும்.

என் தேட்டத்தைக் கோட்டையில் தொடங்கி, பெருநிலத்துக் கரையோரமாகத் தெற்கே அரிப்புக்குப் போனேன். கண்டி மன்னனின் சிறையிலிருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1679இல் வந்து சேர்ந்த ஒல்லாந்தக் கோட்டை அங்கேதான் இருக்கிறது. அருகே தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை, கடல் அரித்த மேட்டில் இடிந்து நிற்கிறது. இந்த இடத்தில்தான் துவக்கைப் பற்றி நான் எதிர்பாராத ஒரு செய்தியை நினைத்துக்கொண்டேன்.

பேர்சிவல் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1803இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முத்துக்குளிப்பு நடந்த விதத்தை அதில் விவரமாகச் சொல்கிறார். இரவு 10 மணியளவில் அரிப்பில் ஒரு பீரங்கி வெடிக்கும். அதுதான் அடையாளம். உடனே தோணிகள் எல்லாம் நிலக்காற்றை வாங்கிக்கொண்டு புறப்படும். விடிவதற்குள் முத்துப்பாரை அடைந்துவிடும். சூரியன் எழுந்ததும் சுழியோடிகள் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். நண்பகலில் கடற்காற்றுத் திரும்பியதும் தோணிகளும் கரை திரும்பும். சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டி, தோணிக்குரிய சம்மாட்டி, கயிறு பிடிப்பவர், தமிழர், முஸ்லிம்கள், அக்கரையிலிருந்து வந்த பரதவர், அரபு நாட்டார் எல்லோரும் அந்த ஒரு வெடிச்சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கடற்கரையில் காத்திருந்தார்கள். வெடி கேட்டால் வேலை. வெடி கேட்டால் கூலி. இதே கரையில் பிற்காலத்தில் வெடி கேட்டபோது என்ன செய்தோம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. பதுங்குகுழிக்கு ஓடினோம்.

நூறு வருடம் கழித்து, 1906இல், சிலாவத்துறைக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புக்கு ஓர் இளம் அதிகாரி அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் வேர்ஜீனியா வுல்ஃபின் கணவராக உலகம் அறிந்த லெனார்ட் வுல்ஃப்தான் அவர். வெறும் மணலில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழும்பிப் பல்லாயிரம் பேர் கூடிய இடம் அது. அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளை அதிகாரிகள் கையில் ஒரு கைத்தடியை வைத்துக்கொண்டே ஒழுங்கைக் காத்ததாக அவர் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். அதே காலத்தில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்தத் தடியால் அரபுச் சுழியோடிகளை அடித்ததையும் அவர் மறைக்கவில்லை. என் நண்பர் ஊகித்ததுபோல வெள்ளைக்காரர் இடுப்பு நிறைய றிவோல்வரோடு இங்கே உலாவினார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அந்தத் தன்வரலாறு காட்டுவது தடியைத்தான். ஆனால் அந்தத் தடிக்குப் பின்னால் கோட்டையும் படையும் இருந்தன என்பது அடித்தவருக்கும் தெரியும், அடிபட்டவருக்கும் தெரியும். அதனால் றிவோல்வர் பெட்டிக்குள்ளேயே கிடக்க முடிந்தது.

சரி, அந்தப் பெட்டிகள் எங்கே? ஊர் ஊராகக் கேட்டேன். கிடைத்த பதில்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது பதில் கடலின் பதில். கருமருந்து எரிந்து மிஞ்சும் கசடு ஈரத்தை உறிஞ்சும். மன்னாரின் காற்றோ உப்புக் காற்று. எண்ணெய் பூசித் துடைக்க ஆளில்லாத இரும்பு இங்கே ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது.

இரண்டாவது பதில் சட்டத்தின் பதில். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். பாட்டன் காலத்தில் பத்திரம் இருந்தது. பாட்டன் போனபின் யாரும் புதுப்பிக்கவில்லை. அப்படியான ஒரு துவக்கு வீட்டில் இருந்தாலும் அதை ஊரறியச் சொல்ல முடியாது.

மூன்றாவது பதில் போரின் பதில். எருக்கலம்பிட்டியில் ஒரு முதியவரிடம் கேட்டேன். முத்து வாணிபம் செய்த குடும்பத்தில் வந்தவர். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, 90ஆம் ஆண்டு ஒக்டோபரில எங்களைப் போகச் சொன்னாங்கள். உடுத்த உடுப்போட தோணி ஏறினோம். கற்பிட்டியில இறங்கின நேரம் கையில புள்ளைகள் மட்டுந்தான் இருந்திச்சு. வாப்பாட படம்கூட இல்ல. நீங்க துவக்குத் தேடுறீங்க" என்றார். விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய அந்த ஒக்டோபரைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். அவருடைய வீட்டு முற்றத்தில் நின்றபோது எனக்குப் பேச நா எழவில்லை. ஒரு வீடு நின்ற இடத்தில் மூன்று தலைமுறை நிலைத்து இருந்தால்தான் அதற்குள் பழைய பொருள் என்று ஒன்று இருக்கும். சேகரிப்பு என்ற பொழுதுபோக்குக்கு முதல் வேண்டியது பணமல்ல, பூட்டிய கதவு பூட்டியபடி இருக்கும் என்ற நம்பிக்கை.

தேட்டத்தை விட்டுவிடலாம் என்றிருந்தபோது பேசாலையில் ஒரு முதிய தாயைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய பாட்டனின் தகப்பனாருக்கு முத்துக்குளிப்புக்கு வந்த துரை ஒருவர், ஊர் திரும்பும்போது ஒரு றிவோல்வரைக் கொடுத்துவிட்டுப் போனாராம். எந்த வருடம், எந்தத் துரை என்பது குடும்பத்தில் மறந்துபோயிற்று. அதை யாரும் சுட்டுப் பார்த்ததில்லை. விசையும் இறுகிப்போயிருந்தது. பெருநாளுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது வெளியே எடுத்துத் தேங்காயெண்ணெய் பூசித் திரும்ப வைப்பார்களாம்.

"இப்ப எங்கே அம்மா?" என்று கேட்டேன்.

"கடலுக்குள்ள, தம்பி. 85இல எண்டு நினைக்கிறன். வீடு வீடாச் சோதிக்க வாறாங்கள் எண்டு கதை வந்தது. மற்றப் பக்கத்தால பெடியள் துவக்கு இருக்கிற வீட்டை விசாரிச்சுத் திரியினம் எண்டும் கதை. இவர் இரவோட இரவாச் சாரத்தில சுத்திக்கொண்டு போய், பாருக்கு அங்கால போட்டுட்டு வந்தார். 'இது நூறு வருசத்துச் சாமான், வெடிக்காது எண்டு சொல்லுங்கோவன்' எண்டு நான் சொன்னன். 'ஆர் வயசு கேக்கப் போறாங்கள்?' எண்டார்."

நேயர்களே, இந்தக் கேள்வியை நான் இன்னும் மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு துவக்கின் வயதை யார் கேட்பார்கள்?

என் நண்பர் வாழும் நாட்டில் சட்டம் கேட்கிறது. 1968ஆம் ஆண்டின் சட்டப்படி, பழைய சுடுகலனை அழகுக்காகவோ ஆவலுக்காகவோ வைத்திருக்க விலக்கு உண்டு. எது பழையது என்பதை 2021இல் ஒழுங்குவிதிகளாகவே எழுதி வைத்தார்கள். 1939 செப்ரெம்பர் 1ஆம் திகதிக்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்குரிய ரவை இன்று வழக்கொழிந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலே 1898 வரை செய்யப்பட்டவை தொல்பொருள். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், பயன்படுத்த முடியாத பழைய மாதிரி ஆயுதத்துக்கு விலக்களிக்கிறது. இதில் கவனிக்கவேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. இங்கிலாந்தில் 2021இல் சில வகை ரவைகளை வழக்கொழிந்தவற்றின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். குற்றச்செயல்களில் ஈடுபடுவோர் அவற்றுக்கேற்ற பழைய றிவோல்வர்களைத் தேடிப் பிடித்துப் பாவிக்கத் தொடங்கியதே காரணம். ஆக, முதல்நாள்வரை தொல்பொருளாக இருந்தது மறுநாள் மீண்டும் ஆயுதமாயிற்று. அந்த இரும்பின் வயதில் ஒரு நாள்தான் கூடியது. அதைக் கையில் எடுப்பவனின் எண்ணமே மாறியது.

இதிலிருந்து எனக்கு விளங்கியது ஒன்றுதான். துவக்கு பழையதாவது ஆண்டுக் கணக்கினால் மட்டுமல்ல. இதை இனி யாரும் சுடமாட்டார்கள், இதற்காக யாரும் நம்மைச் சுடமாட்டார்கள் என்ற உறுதி பிறக்கும் நாளில்தான் அது தொல்பொருள் ஆகிறது. கண்டி மன்னருக்கு லெவுக்கே திசாவை காணிக்கையாக அளித்த பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த பீரங்கியை 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்டுச் சென்றார்கள். அது அம்ஸ்ரடாம் அருங்காட்சியகத்தில் இருந்து, 2023இல்தான் கொழும்புக்குத் திரும்பி வந்தது. இன்று பிள்ளைகள் பயமில்லாமல் அதன் முன்னால் நிற்கலாம். பேசாலையின் றிவோல்வருக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. 1985இல் அது வெறும் துவக்கு.

புறப்படும்போது அந்தத் தாய் உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். கருத்துப்போன கடின மரம். மூலைகளில் பித்தளை. "இதை மட்டும் இவர் எறிய விடமாட்டன் எண்டுட்டன். நல்ல பெட்டி" என்றார். திறந்து காட்டினார். செபமாலை, நூற்கட்டை, மின்சாரப் பட்டியல், பேரப்பிள்ளைகளின் படங்கள். அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கியபோது அடியில் பச்சைத் துணியின் மிச்சமும் மரத்தடுப்புகளும் தெரிந்தன. நீளமான ஒரு தடுப்பு, பக்கத்தில் சிறிய சதுரங்கள். குண்டு வார்க்கும் அச்சும் இருந்தது. அதில் ஈயத்தை வார்த்துத் துளைபோட்டுத் தூண்டிலுக்குக் கட்டித்தான் அவருடைய கணவர் பல காலம் மீன் பிடித்தாராம். அந்த அச்சு தன் வாழ்நாளில் வார்த்த குண்டுகளில் பெரும்பங்கு மீனுக்காகத்தான் போயிருக்கும்.

அவருடைய சம்மதத்தோடு தடுப்புகளை அளந்து நண்பருக்குச் சொன்னேன். மறுமுனையில் அவர் தம் அடம்ஸ் றிவோல்வரை அளந்து பார்த்தார். நெடுநேரம் பேச்சில்லை.

"மச்சான், அச்சொட்டாப் பொருந்துது" என்றார் கடைசியில். "நான் இத்தனை வருசமா இதுக்கொரு பெட்டி தேடுறன். விப்பாவோ எண்டு கேட்டுப் பார்க்கிறியா?"

"அதுக்குள்ள அந்த மனுசியின்ர செபமாலை கிடக்கு" என்றேன்.

மீண்டும் பேச்சில்லை. அவரிடம் இருப்பது பெயர் வெட்டிய இரும்பு. அதை யார் வைத்திருந்தார்கள், யாரை நோக்கி நீட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பேசாலையில் இரும்பு இல்லை. ஆனால் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசிய கைகள் யாருடையவை, எந்தப் பயத்தில் அது கடலுக்குப் போயிற்று என்பதெல்லாம் ஒரு மூதாட்டியின் நினைவில் இருக்கின்றன. அவருக்கு வயது 80ஐத் தாண்டிவிட்டது. இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பெட்டிகளோ! நமது கரையில் இனிச் சேகரிப்பதற்கு மிஞ்சியிருப்பவை இவைதான். இவற்றுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டாம், காசும் வேண்டாம். போய் உட்கார்ந்து கேட்கப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

"சரி மச்சான், பெட்டி அங்கேயே கிடக்கட்டும்" என்றார் நண்பர். "நீ அந்தக் கதையை எழுதி வை."

எழுதிவிட்டேன்.